குவாரி இறக்கம்

பெரிய ரோடு மழையில் சரிந்து பள்ளத்தில் போய் விழுந்த பிறகு, மலையிலிருந்து நகரத்துக்கு நேராக இறங்க மிச்சமிருந்தது பழைய குவாரி ரோடு ஒன்றுதான். கல் லாரிகள் ஓடிய காலத்தில் போட்டது. குவாரியை மூடிய பின் ஆடுமாடு கூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. டாக்சிக்காரர்கள் எல்லாரும் ஆளை விடுங்கள் என்று கும்பிட்டு ஒதுங்கிவிட்டார்கள். மலையைச் சுற்றிப் போகிற வழியில் போக ஒரு பகல், திரும்ப ஒரு பகல். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சுற்று வழியாக வரும், வந்து சேர ஒரு பகல் ஆகும் என்றார்கள். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்குப் போகிற தம்பிக்கு எந்த நாள் உயிருக்கு ஆபத்து, எந்த நாள் இல்லை என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவள் தபால் ஆபீசில் கவுன்டரில் உட்காருகிறவள். ஊரில் பல் போன கிழவர்கள் உட்பட எல்லாருக்கும் அவள் 'ஸ்டாம்ப் அக்கா'. நிஜமாகவே அக்கா என்று கூப்பிட உரிமையுள்ளவன் ஒருத்தன்தான். அவனைக் 'குண்டு' என்பார்கள். சின்ன வயதில் உருண்டையாக இருந்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு உடம்பு ஈர்க்குச்சியாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பின் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். தன் சிறுநீரகத்தைத் தர ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். பொருந்தாது என்று அனுப்பிவிட்டார்கள்.

குவாரி ரோட்டில் முதல் தடவை இறங்கியபோதே அது நடந்தது.

அவளுடைய கார் சின்னது, பழையது, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். இடது கால் ஒரு விபத்தில் உடைந்து சரியாகச் சேராததால் அந்த வண்டியை வாங்கியிருந்தாள். கியரை ஆகக் கீழே இழுத்துப் போட்டும் அந்த இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்கவில்லை. கத்தியதுதான் மிச்சம். பாரம் மொத்தமும் பிரேக்கின் தலையில் விழுந்தது. அவள் மிதித்தபடியே வளைவு வளைவாக இறங்கினாள். பாதி வழியில் ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது.

"என்னக்கா, யார் வீட்டு அடுப்பு?" என்றான் குண்டு.

அடுத்த வளைவில் அவள் மிதித்தாள். பெடல் கல்லு மாதிரி நின்றது, வண்டி மட்டும் நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். முழங்கால் வலிக்கிற வரைக்கும் அழுத்தினாள். அடுத்த மிதியில் அந்தக் கெட்டியும் போய், பெடல் பஞ்சு மாதிரி தரையில் போய் ஒட்டியது. கை பிரேக்கை இழுத்தாள். பின்பக்கம் ஆட்டம் கண்டதே தவிர வேகம் குறையவில்லை. ரோட்டோரம் யாரோ என்றைக்கோ கொட்டி மறந்த ஜல்லிக் குவியல் ஒன்று இருந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்து அதில் கொண்டுபோய்ச் செருகினாள். ஜல்லி கண்ணாடி வரைக்கும் எழுந்து விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. முன் சக்கரங்களிலிருந்து புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அதைவிட அவளைப் பயமுறுத்தியது அதற்கு அடுத்து நடந்ததுதான். வெகுநேரம் கழித்து, வண்டி ஆறிய பின், சும்மா மிதித்துப் பார்த்தாள். பிரேக் பிடித்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி, நல்ல பிள்ளையாகப் பிடித்தது. அந்த நம்பிக்கையில்லாத பிரேக்கை வைத்துக்கொண்டே, நிறுத்தி ஆறவிட்டு, நிறுத்தி ஆறவிட்டு கீழே போய்ச் சேர்ந்து டயாலிசிஸை முடித்தார்கள். நகரத்து ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தர் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் சூப்பரா இருக்கும்மா, நீங்கதான் பயந்துட்டீங்க" என்றார். வண்டியை மறுபடி ஓட்ட மனம் வராமல், சுற்று வழியில் போன ஒரு சரக்கு லாரியில் அதை ஏற்றி, டிரைவர் பக்கத்தில் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்து ஊர் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் குண்டு சொன்னான்: "இனிமே நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்."

"ஏறாம?"

"நான் எப்படியும் போறவன்க்கா. ரெண்டு பேரா போறதுக்கு ஒருத்தனா போறேனே."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவன் மசியவில்லை. அடுத்த டயாலிசிஸ் நாளும் அதற்கடுத்ததும் வந்து போயின. முகம் உப்ப ஆரம்பித்தது. காலை அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினான். கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "பாருக்கா, பழைய குண்டு திரும்பி வந்துட்டான்" என்றான். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கு மேல் அவளுக்குப் போக ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அங்கே போவதில்லை என்று சபதம் எடுத்து வருஷங்கள் ஆகியிருந்தன.

ஊர்க் கடைசியில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தவர் அவளுடைய புருஷன். கோர்ட், கேஸ் என்று போகவில்லை, பிரிந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவள் பொழுதெல்லாம் தம்பியின் ஆஸ்பத்திரியில் கழிந்தது. அவர் பொழுதெல்லாம் ஷெட்டின் மூலையில் ஒரு வண்டியோடு கழிந்தது. நொறுங்கிப் போன பெரிய கார் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சாமானாகச் சேர்த்து அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்ஜின் இன்னும் வரவில்லை. "உனக்கு உன் தம்பி, எனக்கு என் வண்டி" என்று ஒருநாள் அவர் வாய் தவறிச் சொன்னார். அவள் ஒரு பெட்டியோடு வெளியே வந்தாள். அதன் பிறகு தபால் ஆபீசில் அவர் வந்து நின்றால் பக்கத்துக் கவுன்டரைக் காட்டுவாள்.

இப்போது அவள் ஷெட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றாள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"குண்டு எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த டிஸ்க் தட்டில் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கிற பேடைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். அதன் முகம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது.

"வெந்து போச்சு. ரொம்ப சூடானா இது பிடிக்காது, வழுக்கும். பெடல் பஞ்சா போச்சுன்னியே, அது பிரேக் ஆயில் உள்ள கொதிச்சதால. ஆறினதும் ரெண்டும் பழைய மாதிரி ஆயிடும். அதான் நகரத்துல ஓட்டிப் பார்த்தவருக்கு ஒண்ணும் தெரியல."

"இங்க நிக்கற வேற வண்டி எதையாவது நீங்க ஓட்டிட்டுப் போக முடியாதா?"

"ரிப்பேருக்கு வந்த வண்டியைக் குவாரி ரோட்ல இறக்கவா? அப்படியே இறக்கினாலும் எல்லா வண்டிக்கும் அங்க இதே கதிதான்."

சூடு தாங்கும் பேட் வேண்டும், சூட்டில் எளிதில் கொதிக்காத ஆயில் வேண்டும் என்றார். இரண்டும் அவரிடம் இருந்தன. மத்தியானத்துக்குள் மாட்டினார். பின் சீட்டில் தம்பியின் எடைக்கு மண் மூட்டைகளை ஏற்றினார். அவள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, குவாரி ரோட்டில் சோதித்துப் பார்க்க இறங்கினார்கள்.

கல்யாணமான புதிதில் கூட அவர்கள் இப்படி அருகருகே பேசாமல் இவ்வளவு தூரம் போனதில்லை. பிரேக் பிடித்தது. ஜல்லிக் குவியலைத் தாண்டியும் பிடித்தது. அவள் முதல் தடவையாக மூச்சை முழுதாக விட்டாள். ரோடு அங்கிருந்துதான் இன்னும் செங்குத்தாகிறது என்பதை இருவருமே மறந்திருந்தார்கள். குவாரிக்குள் ஒரு கிளைப்பாதை மேலேறிப் பிரிகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, மறுபடி அந்த நாற்றம் வந்தது.

"மெதுவா" என்றார்.

"மெதுவாதான் மிதிக்கறேன். போகுது."

பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. வண்டிதான் கேட்கவில்லை. அவர் கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். "அந்த ஏத்தத்துல விடு. ஏத்தத்துல விடு" என்று அவர் சொல்வதற்கு முன்பே அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பியிருந்தாள். வண்டி கிளைப்பாதையில் ஏறி, வேகம் செத்து, பாறைச் சுவருக்கு முன்னால் நின்றது. பின் சீட்டு மூட்டை ஒன்று உருண்டு அவள் தோளில் வந்து இடித்தது.

அவர் இறங்கிப்போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"இவ்வளவு செங்குத்துன்னு நான் நினைக்கவே இல்ல" என்றார். "பேடும் ஆயிலும் தாங்குது. தட்டுதான் தாங்கல. மெல்லிசு. ஒரே தகடு. சூடு வெளியே போக அதுல வழியே கிடையாது."

"அவன் செத்துடுவான்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கவுன்டரில் ஒருவரிடம் முகவரி சரியில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள். "இன்னும் ஒரு தடவை விட்டா செத்துடுவான். எனக்கு வேற யாரும் இல்ல. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

அவர் எழுந்துபோய், உருண்ட மண் மூட்டையைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தார்.

"ஷெட் மூலையில நிக்கற உங்க வண்டியோட தட்டை மாட்டினா நிக்குமா?" என்று கேட்டாள்.

அவர் முன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். சக்கரம் ஆறும் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஏறி ஊருக்குத் திரும்பினார்கள். வழி நெடுக அவர் வாயைத் திறக்கவில்லை. கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்காமல் வேறு என்ன செய்வது என்றும் நினைத்தாள்.

ஷெட்டுக்கு வந்ததும் அவர் நேராக மூலைக்குப் போய், தார்ப்பாயை உருவிக் கீழே போட்டார். அவள் விட்டுப் போன நாளில் வெறும் கூடாக இருந்த வண்டி இப்போது அடர் பச்சையில் பளபளத்தது. அவர் அதன் முன்னால் மண்டியிட்டு சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். டிஸ்க் அவள் வண்டியில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு தடிமன். இரண்டு தட்டுகளை ஒட்டி வைத்த மாதிரி, நடுவில் காற்று புகுந்து போக இடைவெளி இருந்தது. ஒரே கம்பெனி வண்டிகள், ஒரே அச்சு. கொஞ்சம் இழைத்தால் பொருந்தும் என்றார்.

"இதுக்கு எவ்வளவு அலைஞ்சீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குப் பிரேக்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சாயங்காலம் முழுக்க வேலை நடந்தது. பெரிய டிஸ்க் உள்ளே போன பிறகு அவளுடைய சின்னச் சக்கரம் மேலே உட்காரவில்லை, பேடைத் தாங்கும் காலிப்பரில் இடித்தது. பச்சை வண்டியின் சக்கரங்களையே கழற்றி மாட்டினார். பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினார். டிஸ்க்குக்குப் பின்னால் இருந்த தகரத்தை வெட்டிவிட்டு, பம்பருக்கு அடியிலிருந்து காற்று நேராக அடிக்கிற மாதிரி ஒரு குழாயைப் பொருத்தினார். கடைசியில் ஆயிலிலிருந்து ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்தாள். அவர் வண்டிக்கு அடியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அமுக்கு. பிடிச்சுக்கோ. விடு."

அவள் அமுக்கினாள், பிடித்தாள், விட்டாள்.

"அமுக்கு. பிடிச்சுக்கோ... கால் வலிக்குதா?"

"இல்ல."

"வலது கால்தானே?"

"வலது கால்தான்."

"சரி, விடு."

பொழுது சாய்கிற நேரத்தில் சமதளத்தில் வேகமாகப் போய்ப் போய் நிறுத்தி, புது டிஸ்க்கும் பேடும் ஒன்றோடொன்று பழகும்படி செய்தார்கள். குவாரி ரோட்டில் இன்னொரு தடவை இறங்கிப் பார்க்க வெளிச்சம் இல்லை. விடிந்தால் டயாலிசிஸ் நாள்.

காலையில் அவர் அவள் வீட்டுக்கு வந்தார். குண்டு ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தான். கண் இரண்டும் வீங்கிக் கோடாகியிருந்தன. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"வாங்க மாமா. ஆளே இளைச்சுட்டீங்க."

"என் சதை எல்லாம் உன்கிட்ட வந்துடுச்சு போல" என்றார். குண்டு சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

"புது பிரேக் போட்டாச்சுடா" என்றாள் அவள்.

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டான்: "டெஸ்ட் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு" என்றாள்.

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து குண்டின் செருப்பைத் தேடி எடுத்து அவன் காலில் மாட்டிவிட்டார். வீங்கிய பாதம் உள்ளே போகவில்லை. செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவனை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

"நான் ஓட்டறேன்" என்றார் வண்டி பக்கத்தில்.

"வேண்டாம். நாளைக்குப் பின்னால இதை ஓட்டப் போறவ நான்தானே. நானே ஓட்டறேன். நீங்க அவனைப் பிடிச்சுக்கோங்க."

அவர் பின் சீட்டில் குண்டை நிமிர்த்தித் தன்மேல் சாய்த்துக்கொண்டார். கிளைப்பாதை வந்ததும் ஏற்றி நிறுத்தி, பிரேக்கை ஆறவிட்டுப் பிறகு இறங்குவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

முதல் வளைவில் மிதித்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்தி அடங்கியது. இரண்டாவது, மூன்றாவது. அவள் பெடலைக் காலால் மட்டும் மிதிக்கவில்லை, வயிற்றால் மிதித்தாள், பல்லால் மிதித்தாள். மூக்கு அந்த நாற்றத்தைத் தேடிக்கொண்டே இருந்தது. ஜல்லிக் குவியல் போனது. பின்னால் குண்டின் மூச்சு நீரில் குழல் வைத்து ஊதுகிற மாதிரி கேட்டது.

திடீரென்று அது கேட்கவில்லை.

"குண்டு" என்றார் அவர். "டேய், கண்ணைத் திற. டேய்."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். தம்பியின் தலை அவர் தோளில் தொங்கியது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி இருந்தது.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு. ரொம்ப லேசா. நிறுத்தாதே. நேரா போ."

கிளைப்பாதை வந்தது. அவள் திரும்பவில்லை. அதற்குக் கீழே ரோடு எப்படி விழுகிறது என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தே வேகத்தைக் கூட்டினாள். வளைவு வரும் வரை விட்டு, வளைவின் வாயில் மொத்தமாக மிதித்து, திருப்பி, மறுபடி விட்டாள். நாற்றம் வந்தது. மிதித்தாள். பெடல் அதே இடத்தில் நின்றது, வண்டியும் அடங்கியது. மறுபடி விட்டாள். ஒரு வளைவில் வெளிச்சக்கரம் ஓரக் கல்லை உரசியது. பின்னால் அவர் குண்டின் மார்பைத் தேய்த்துக்கொண்டு அவன் காதில் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். பழைய கிரிக்கெட் ஆட்டம், தோற்ற பந்தயம், இருவரும் அவளுக்குத் தெரியாமல் பார்த்த சினிமா. எங்கே மிதிக்கிறோம், எங்கே விடுகிறோம் என்று அவளுக்குக் கணக்கில்லாமல் போயிற்று. கால் தானாக வேலை செய்தது. அழுகிறோம் என்பது, கண் மறைத்தபோதுதான் தெரிந்தது. புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்த வளைவைத் திருப்பினாள்.

கடைசி வளைவு முடிந்ததும் ரோடு பாய் விரித்த மாதிரி சமமாக நீண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தது. "ரெண்டு முறை விட்டுட்டீங்களா? நுரையீரல் பூரா தண்ணி. இவ்வளவு லேட்டா கொண்டு வந்தா நாங்க என்ன பண்றது?" என்று சிஸ்டர் அவளைத் திட்டிக்கொண்டே ஓடினார். அவள் தலையாட்டினாள். அந்தத் திட்டு அவளுக்கு வேண்டியிருந்தது. கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகு அந்த வராந்தாவில் அவள் உட்கார்ந்திருந்ததை வேறு ஒரு பொழுதோடும் ஒப்பிட முடியாது. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். யாரோ யாருக்கோ வந்தார்கள். மறுபடி உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்கப் பயந்து, மெஷின் சத்தம் கேட்கிறதா என்று சுவரில் காதை வைத்தாள்.

மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்தார். "தப்பிச்சுட்டான். ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தா சொல்லியிருக்க முடியாது. நாலு நாள் இங்கேயே இருக்கட்டும். ஆனா இனிமே ஒரு முறை கூட விடக் கூடாது" என்றார்.

அவள் வெளியே வந்தபோது, அவர் மரத்தடியில் முன் சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு டிஸ்க்கைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தட்டு வளையல. வெடிப்பும் இல்ல" என்றார் பிறகு. "ஆனா இந்த இறக்கத்துல பேட் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு தடவையும் கழட்டிப் பார்க்கணும். பின் சக்கரத்துப் பிரேக்கையும் சும்மா விட முடியாது. பெரிய ரோடு திறக்க வருஷம் ஆகும்னு சொல்றாங்க."

"ஒவ்வொரு தடவையும் யார் பார்ப்பா?"

"நான்தான் பார்க்கணும். வேற யாரு."

அவள் அவர் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் வலது கால் தொடையிலிருந்து பாதம் வரை துடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள், நிற்கவில்லை. இது ஒரு நாள் வேலையில்லை, வாரத்துக்கு மூன்று தடவை, வருஷம் முழுக்க என்று நினைத்துக்கொண்டாள். அவர் சக்கரத்தை மாட்டி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார்.

சாயங்காலம் வார்டுக்குள் விட்டார்கள். குண்டு கண்ணைத் திறந்திருந்தான். முகத்தில் வீக்கம் வடிந்து, தாடை எலும்பு மறுபடி வெளியே வந்திருந்தது. சிஸ்டர் அரை டம்ளர் தண்ணீர் அனுமதித்திருந்தார். அவள் தலையைத் தாங்கிப் பிடிக்க, அவன் ஒவ்வொரு மிடறையும் வாயில் வைத்திருந்து விழுங்கினான்.

"டெஸ்ட் பண்ணலதானே?" என்றான்.

"பாதி பண்ணினோம்."

"மாமா எங்க?"

"வெளிய. வண்டிகிட்ட."

அவன் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தான். பிறகு டம்ளரை அவளிடம் நீட்டினான்.

"வீட்டுக்குப் போனப்புறம் அடுத்த தடவை எப்பக்கா கிளம்பணும்? வெயில் ஏறறதுக்கு முன்னாடி இறங்கிட்டா பிரேக்குக்கு நல்லதான்னு மாமாவைக் கேளு."